தொட்டியில் எத்தனை மீன்?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நாலே வரி. குழந்தைகளின் நச்சரிப்புப் பொறுக்காமல் இரண்டடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கிவிட்டாராம். இருபது மீன் விடலாம் என்கிறாராம் கடைக்காரர். பத்துக்கு மேல் கூடாது என்கிறாராம் பக்கத்து வீட்டு அம்மாள். அவருடைய கணவரோ, "மீனே வேண்டாம், கொஞ்ச நாளைக்குத் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்" என்கிறாராம். மூவரில் யார் சொல்வது சரி, இந்தப் பகுதியிலேயே பதில் வேண்டும் என்று உத்தரவு.

அம்மணி, மூன்று பேரில் உங்கள் கணவர் சொல்வதுதான் உண்மைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. அவர் கேலிக்காகச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அதுதான் சரி. ஏன் என்பதற்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். ஏழு மீன்களைக் கொன்ற யோக்கியதைதான்!

2023-ம் வருஷம் ஜூலை மாதம், என் பெண்ணுக்கு எட்டு வயசு நிறைந்த அன்று, எங்கள் வீட்டுக்கும் ஒரு தொட்டி வந்தது. திருச்சி அம்மாளின் தொட்டியைப் போலவே இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். தொட்டி வந்ததுமே வீட்டில் மகாநாடு கூடிவிட்டது. எத்தனை மீன் விடுவது? கடையில் இருக்கிற மீன்கள் எல்லாம் வேண்டும் என்றாள் பெண். "எத்தனையானாலும் சரி, கழுவுவது நான் இல்லை" என்றாள் மனைவி. அந்தச் சமயம் பார்த்து என் மைத்துனன் வந்து சேர்ந்தான்.

"அத்தான்! இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்பது மீன் விட வேண்டும். எட்டு தங்க நிறம், ஒன்று கறுப்பு. அதுதான் வாஸ்து. வீட்டுக்கு வருகிற கெடுதலை எல்லாம் அந்தக் கறுப்பு மீன் வாங்கிக்கொள்ளும்!"

இந்த எட்டும் ஒன்றும் சீன தேசத்துச் சாஸ்திரம். அது நம் ஊர் வாஸ்துவோடு எப்போது சம்பந்தம் செய்துகொண்டதோ, தெரியாது. ஆனால் மைத்துனன் வாக்குக்கு எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது. எங்கள் பேட்டையிலேயே ஒரு கடையில் கேட்டோம். "ஒன்பதா? இருபதே விடலாம் ஸார், பம்பு இருக்கிறதே!" என்று தைரியம் சொன்னார் கடைக்காரர். பிளாஸ்டிக் பைகளில் ஒன்பது தங்க மீன்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். ஒன்பது என்றதும் என் பெண் அவற்றுக்கு நவக்கிரகங்களின் பெயரையே சூட்டிவிட்டாள். உருவத்தில் பெரியது குரு. கறுப்பு மீன் சனி. "வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் வீட்டுக்குள் சனியைக் கூப்பிட்டுக் கொண்டிருக்கிறாளே!" என்று என் தாயார் அலுத்துக்கொண்டது இன்னும் காதில் ஒலிக்கிறது.

நாலைந்து மாதம் எல்லாம் பிரமாதமாகவே நடந்தது. மீன்கள் வளர்ந்தன. ஒவ்வொன்றும் மூன்று அங்குலம் ஆயிற்று. குரு அதையும் தாண்டினார். வளர்வதைப் பார்த்துப் பூரித்தோமே ஒழிய, தொட்டி வளரவில்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அப்புறம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னையில் இருந்தவர்களுக்கு அந்த டிசம்பர் 4-ம் தேதியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். காலையில் போன மின்சாரம் இரவும் வரவில்லை. நாங்கள் இருப்பது முதல் மாடி. ஆகவே தண்ணீர் பயம் இல்லை என்று மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரவு பத்து மணி சுமாருக்கு மனைவி தொட்டிப் பக்கம் போனவள், "என்னங்க, இங்கே வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டாள்.

ஒன்பது மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வரிசையாக நின்றன. ஒன்றும் நீந்தவில்லை. வாயை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டி மூடி மூடித் திறந்துகொண்டிருந்தன. பசியோ என்று நினைத்து என் தாயார் ஒரு பிடி தீனியைப் போட்டுவிட்டார். அதைவிடக் கெடுதல் வேறில்லை என்பது பின்னால் தெரிந்தது. தீனியை அவை சீந்தவே இல்லை.

பம்பு நின்றுபோயிற்று, காற்றில்லாமல் திணறுகின்றன என்பது மட்டும் புரிந்தது. டம்ளரால் தொட்டித் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினேன். கை சோர்ந்ததும் மனைவி. அவளுக்குப் பிறகு என் தாயார். மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டு விடிய விடிய ஊற்றினோம். பெண் தூங்கிவிட்டாள். அது ஒன்றுதான் நல்லது. இரண்டு மணிக்குக் குரு சாய்ந்தார். உருவத்தில் பெரிதாக இருந்ததுதான் முதலில் போயிற்று. பொழுது விடியும்போது ஐந்து. மறுநாள் மின்சாரம் வருவதற்குள் இன்னும் இரண்டு. மிஞ்சியவை புதனும் சனியும்.

மறுநாள் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். ரிடையரான கெமிஸ்ட்ரி வாத்தியார். அவர் வீட்டிலும் தங்க மீன் உண்டு. "ராத்திரி என்ன ஸார் செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"தூங்கினேன்" என்றார்.

"மீன்கள்?"

"அவையும் தூங்கின, தம்பி."

அவருடைய தொட்டி மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம். அதில் அவர் வளர்த்தது மூன்றே மீன். வாரம் ஒரு தரம் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், "இத்தனை பெரிய தொட்டியில் மூன்றே மூன்றா! என்ன கஞ்சத்தனம்!" என்று மனசுக்குள் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கைத்தான் இப்போது திருச்சி அம்மாளுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில், தொட்டியில் உண்மையாக எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? இரண்டடி, ஓரடி, ஓரடி என்றால் இரண்டு கன அடி. அதாவது 56 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அடியில் கூழாங்கல். மேலே இரண்டு விரற்கடை காலி இடம். நடுவில் பிளாஸ்டிக் அரண்மனை, அதன் வாசலில் ஒரு பொம்மை முதலை. இவை போக 45 லிட்டர் தேறினால் அதிகம். இந்த 45 லிட்டர் தண்ணீரில் மீன் சுவாசிக்கிற பிராணவாயு எவ்வளவு தெரியுமா? முப்பது டிகிரி சூட்டில் ஒரு லிட்டரில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். மொத்தம் பார்த்தால் ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு! ஏறக்குறைய ஒரு சிட்டிகை உப்பின் எடை. அந்தச் சிட்டிகையைத்தான் ஒன்பது ஜீவன்களுக்குப் பங்கு போட்டிருந்தேன்.

தண்ணீர் குளிர்ந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கரையும். இருபது டிகிரியில் ஒன்பது மில்லிகிராம் வரை உண்டு. தங்க மீன் குளிர்ந்த தண்ணீருக்குப் பிறந்த ஜாதி. நம் ஊர் மே மாதத்தில் அதற்குக் காற்றும் குறைச்சல், தண்ணீர் சுட்டால் உடம்பு கேட்கும் காற்றோ அதிகம். இரண்டு பக்கமும் இடி.

சரி, செலவான பிராணவாயு திரும்ப எப்படி வருகிறது? பம்பு விடும் குமிழிகள் வழியாக என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தக் குமிழிகள் நேராகக் கொடுப்பது கொஞ்சமே. அவை மேலே வந்து உடைந்து தண்ணீரைப் புரட்டுகின்றனவே, அதுதான் காரியம். காற்று உள்ளே நுழைகிற வாசல் தண்ணீரின் மேல்பரப்பு ஒன்றுதான். ஆகையால் தொட்டியில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதைவிட, மேலே எத்தனை சதுர அங்குலம் திறந்திருக்கிறது என்பது முக்கியம். இரண்டடித் தொட்டிக்கு 288 சதுர அங்குலம். அதே தொட்டியை அழகுக்காகச் செங்குத்தாக நிறுத்தி வைத்தால் தண்ணீர் அதே அளவுதான். ஆனால் வாசல் 144 ஆகக் குறைந்துவிடும். இப்போது ஹோட்டல் வரவேற்பறைகளில் கோபுரம் மாதிரி உயர்ந்த தொட்டிகளைப் பார்க்கிறோம். கண்ணுக்கு லட்சணம், மீனுக்குச் சங்கடம். மேஜைமேல் வைக்கிற உருண்டைக் கண்ணாடி ஜாடியைக் கழுத்து வரை நிரப்புவதும் அப்படியே. வயிறு அகன்ற இடத்தோடு நிறுத்தினால் தண்ணீர் குறையும், காற்று கூடும்.

இந்த மேல்பரப்பை வைத்துத்தான் பழைய மீன் வளர்ப்புக்காரர்கள் கணக்குச் சொன்னார்கள். உஷ்ண தேசத்துச் சிறு மீன் என்றால் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 12 சதுர அங்குலப் பரப்பு. தங்க மீனுக்கு 24 முதல் 30 வரை. வாலை விட்டுவிட்டு உடம்பை மட்டும் அளக்க வேண்டும். என் தொட்டிக்கு இந்தக் கணக்குப்படி தங்க மீன் பத்துப் பன்னிரண்டு அங்குலம். நான் வைத்திருந்தது ஒன்பது மீன், மூன்று மூன்று அங்குலமாக, மொத்தம் 27! தலைக்கு 32 சதுர அங்குலம் என்று வாத்தியார் எழுதினார். பக்கத்தில் தம் தொட்டிக்கு எழுதினார்: தலைக்கு 180. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காப்பி குடித்தார்.

இன்னொரு கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு காலன் தண்ணீருக்கு ஓர் அங்குல மீன் என்பது. வெள்ளைக்காரன் சொன்ன அளவுதான்; ஆனால் அதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு மீன் வாங்கினால் அந்தக் 'காலன்' நம் தமிழ்க் காலனாகவே வந்து நிற்பான்! காரணம் சுலபம். மீன் நீளத்தில் மட்டுமா வளர்கிறது? அகலம், பருமன் எல்லாமே கூட வளர்கின்றன. இரண்டு அங்குலத் தங்க மீன் ஆறு அங்குலம் ஆனால், நீளம் மூன்று மடங்கு. உடம்போ மூன்றும் மூன்றும் மூன்றும் பெருக்கி 27 மடங்கு. மூச்சும் கழிவும் அங்குலத்தைப் பார்த்து வருவதில்லை, உடம்பைப் பார்த்து வருகின்றன. பத்து அங்குல மீன் ஒன்றும் ஓர் அங்குல மீன் பத்தும் சமம் என்றால், யானை ஒன்றும் பத்து ஆட்டுக்குட்டியும் சமம் என்பது போல. சின்ன மீன்கள் வரைக்கும் அந்தக் கணக்கு உதவும். இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் அதைத் தலை முழுகிவிட வேண்டும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "என்ன விலை?" அல்ல, "வளர்ந்தால் எவ்வளவு?" என்பதே. ஷார்க் என்று சொல்லிச் சாம்பல் நிறத்தில் ஒரு மீன் விற்கிறார்களே, பார்ப்பதற்குச் சுறாக் குஞ்சு, உண்மையில் கெளுத்தி ஜாதி. கடையில் மூன்று அங்குலம். வயசு வந்தால் மூன்றடிக்கு மேல்! தொட்டியைத் துடைத்துக் கொடுக்கும் என்று சொல்லி விற்கிற ஸக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். "தொட்டி சின்னது என்றால் மீனும் அதற்குத் தகுந்த மாதிரிதான் வளரும் ஸார்" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். வளர்ச்சி குன்றும் என்பது வாஸ்தவந்தான். குழந்தையைப் பெட்டிக்குள் வளர்த்தாலும் குன்றத்தான் குன்றும். தங்க மீன் சரியாக வளர்த்தால் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கக்கூடிய பிராணி. ஆறு மாதத்தில் செத்தால் அதற்கு ஆயுசு அவ்வளவுதான் என்று நாம் தலையெழுத்தின்மேல் பழி போட்டுவிடுகிறோம்.

பெரிதாகிவிட்டதே என்று ஸக்கர் மீனை ஏரியில் கொண்டுபோய் விடுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த முரட்டு ஜாதி இப்போது நம் ஏரி குளங்களிலும் குடியேறி, வலை போடுகிறவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

எண்ணிக்கை தானாகவே ஏறுவதும் உண்டு. கப்பி மீனை "நாலே நாலு" என்று வாங்கி வருவீர்கள். அதில் பெண் மீன் ஏறக்குறைய மாதம் ஒரு பிரசவம் பார்க்கும். ஆண் மீனைப் பிரித்து வைத்தாலும் முன்னே சேர்ந்ததை வைத்துக்கொண்டே சில மாதம் குட்டி போடும்! தொட்டிக் கணக்குப் போடும்போது சம்பந்தி வீட்டாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, திருச்சி அம்மாளின் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்றாரே!

மீனுக்குக் காற்று எப்படியோ, அப்படித்தான் கழிவும். மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியிடுகிறது. ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் எங்கே போகும்? அங்கேயே தங்கி மீனின் செவுளையே அரிக்கும். அதிலும் நம் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் பல ஊர்களில் காரத் தன்மை கொண்டது. அதில் அம்மோனியாவின் விஷம் இன்னும் கடுமை. இதிலிருந்து மீனைக் காப்பாற்றுவது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சை முட்ட வைக்கும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த இரண்டு கூட்டமும் கூழாங்கல்லிலும் பில்டர் பஞ்சிலும் குடித்தனம் வைக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அது வரையில் ஒரு சிட்டிகை தீனியை மட்டும் வெறும் தண்ணீரில் போட்டு, அது மக்குவதில் அவை பெருகும்படி விட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் முறை. புதுத் தொட்டி வாங்கி அன்று மாலையே இருபது மீனை விடுவது, அடுப்பு மூட்டுவதற்கு முன்பே இருபது பேரைப் பந்தியில் உட்கார வைப்பது போல!

எங்கள் வீட்டில் இந்தக் குடித்தனத்துக்கும் பங்கம் வந்திருந்தது. புயலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, என் தாயார் கார்த்திகை மாதமாயிற்றே என்று வீடு மெழுகின கையோடு தொட்டியையும் சுத்தம் செய்தார். பில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்துக் குளோரின் வாசனை அடிக்கிற தண்ணீரில் வெளுக்க வெளுக்கப் பிழிந்தார். கூழாங்கல்லுக்கு வெந்நீர். பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. ஐந்து மாதக் குடிகள் ஒரே நாளில் மாண்டுபோயிருந்தார்கள். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலச வேண்டும், அவ்வளவுதான். இதை நான் என் தாயாரிடம் இன்று வரை சொல்லவில்லை. இந்த இதழ் வீட்டுக்கு வரும்போது தெரிந்துகொள்ளப் போகிறார்; அதற்கு நான் இப்போதே தயாராகிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நியாயமாகச் சொல்லப்போனால் பழி அவர்மேல் இல்லை. மாடி வீட்டில் மூன்று மீனுக்கு 540 சதுர அங்குலம் திறந்து கிடந்தது. பம்பு நின்றாலும், பஞ்சு கெட்டாலும், ஒருவர் ஒரு பிடி தீனியைக் கூடுதலாகப் போட்டாலும் அந்தத் தொட்டி தாங்கும். என்னுடையது எல்லாமே சரியாக நடக்கிற வரைக்கும்தான் தாங்கும். ஒன்பது மீனையும் நாலு மாதம் உயிரோடு வைத்திருந்தது தொட்டி அல்ல, மின்சாரம். நல்ல நாளில் எத்தனை மீன் பிழைக்கிறது என்று பார்த்து நான் கணக்குப் போட்டேன். வாத்தியார் மின்சாரம் இல்லாத இரவுக்குக் கணக்குப் போட்டார். செடி இருக்கிறதே, அது காற்றுக் கொடுக்காதா என்பார்கள். வெளிச்சம் இருக்கும்போது கொடுக்கும். இருட்டினால் அதுவும் மீனோடு பங்குக்கு வந்துவிடும். விடியற்காலைதான் தொட்டிக்குக் கஷ்டமான நேரம்.

இந்தக் கணக்கு நேற்று முளைத்ததும் இல்லை. 1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்கிற ரசாயனக்காரர், சுமார் பன்னிரண்டு காலன் பிடிக்கிற ஒரு தொட்டியில் செடியையும் மீனையும் சேர்த்து வளர்த்துப் பார்த்ததை எழுதி வெளியிட்டார். இலைகள் அழுகித் தண்ணீர் கெட்டபோது, அதைத் தின்ன நத்தையையும் சேர்த்தார். தொட்டி நிலைத்தது. மூன்று வருஷத்துக்குள் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென்றே தனி வீடு திறந்தார்கள். சென்னை மெரினாவில் 1909-லேயே மீன் காட்சிசாலை வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் முன்னோடியான அந்த வாரிங்டன் தொட்டியில் எத்தனை மீன் என்கிறீர்கள்? இரண்டு. இரண்டே இரண்டு தங்க மீன்! கொள்ளளவு ஏறக்குறைய என் தொட்டியேதான்.

ஆகவே திருச்சி அம்மாளுக்கு என் பதில் இது. தங்க மீன்தான் வேண்டுமென்று குழந்தைகள் அடம் பிடித்தால் இரண்டு. அதுவும் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். பெரிதானால் மூன்றடித் தொட்டிக்குப் பணம் சேர்த்து வைக்க வேண்டியிருக்கும். அசைவும் ஓட்டமும் வேண்டும் என்றால் ஜீப்ரா மீன் வாங்குங்கள். நம் இந்திய நதிகளில் பிறந்த மீன். உலகத்து விஞ்ஞான சாலைகளில் எல்லாம் பரிசோதனைக்கு அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒன்றரை அங்குலத்துக்கு அதிகம் மேலே போகாது. கூட்டமாக இருந்தால்தான் அதற்குச் சந்தோஷம். எட்டு விடலாம். எட்டையும் ஒரே நாளில் அல்ல. தண்ணீரைக் கணவர் சொன்னபடி ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முதலில் நாலு, மூன்று வாரம் பொறுத்து நாலு.

பிறகும் சந்தேகம் இருந்தால் தண்ணீரையே கேட்கலாம். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிற பரிசோதனைப் பெட்டி மீன் கடைகளில் கிடைக்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். வாரம் ஒரு பக்கெட் தண்ணீர் மாற்றியும் நைட்ரேட் லிட்டருக்கு நாற்பது மில்லிகிராமுக்கு மேல் ஏறிக்கொண்டே போனால், மீன் அதிகம் அல்லது தீனி அதிகம். பெரும்பாலும் தீனிதான். வருகிற விருந்தாளி எல்லாம் ஒரு சிட்டிகை போட்டுப் புண்ணியம் தேடிக்கொள்கிறார்களே! எங்கள் வீட்டில் இப்போது வாரத்துக்கு ஒரு நாள் மீன்களுக்கு ஏகாதசி. மின்சாரம் போனாலும் ஏகாதசிதான். அதனால் ஒன்றும் மெலிந்துவிடவில்லை.

புயல் ஓய்ந்து நாலு மாதம் என் பெண் தொட்டிப் பக்கமே போகவில்லை. குருவைப் பற்றி ஒருநாள் கேட்டாள். "நாம் ஊற்றினது போதவில்லையா அப்பா?" என்று. இருந்த இடம் போதவில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போது யார் ஒன்பது என்று சொன்னது?" என்றாள். மைத்துனன் அன்றைக்கு ஊரில் இல்லை, தப்பினான். கெடுதலை எல்லாம் வாங்கிக்கொண்டு முதலில் போக வேண்டிய சனி மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து வந்தது.

அந்த மே மாதம் அவளைக் கொளத்தூருக்கு அழைத்துக்கொண்டு போனேன். தெருத் தெருவாக வண்ண மீன் கடைகள். ஏழு இடம் காலியாக இருக்கிறதே, ஒன்றிரண்டாவது கேட்பாள், கையில் பணமும் வைத்திருந்தேன். அவள் பள்ளிக்கூடப் பையிலிருந்து அடிஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஒரு கடையில் செக்கச் செவேலென்று ஒரு மீன். கண்ணாடிமேல் ஸ்கேலை வைத்து அளந்தாள்.

"இது வளர்ந்தால் எவ்வளவு நீளம் அங்கிள்?"

கடைக்காரர் வயசானவர். ஸ்கேலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்கள் தொட்டி எவ்வளவம்மா?" என்றார். சொன்னாள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். அதையும் சொன்னாள்.

"அப்படியானால் உனக்கு என் கடையில் மீன் இல்லை" என்றார் அவர்.

பாட்டரியில் ஓடுகிற சின்ன பம்பு ஒன்றும், நாடாவைப் போல நீண்ட இலையுள்ள வாலிஸ்நேரியாச் செடி ஒரு கட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். வழியெல்லாம் செடிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அதில் நத்தை ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டே வந்தாள்.